மொய்னாவின் ஆடுகளும் சில தேதிகளும்

(மணலூர்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். பேச்சின் நடுவே வந்த கிளைக்கதைகள் குறைக்கப்பட்டுள்ளன.)



அறக்கட்டளைப் பொழிவு என்றால் சங்க இலக்கியத்தையோ சமயத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கம். பெண்ணையாற்றங்கரைக்கு வந்துவிட்டுக் கபிலரைப் பேசாமல் போகிறானே என்று சிலருக்கு மனக்குறை இருக்கும். தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் ஊர் இது. அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். நான் கையில் கொண்டுவந்திருப்பதோ பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடக்கூடிய ஒரு படப் புத்தகம். மகாசுவேதா தேவி எழுதி, கன்யிகா கினி ஓவியம் வரைந்து, சென்னையின் துளிகா பதிப்பகம் 2003-ல் வெளியிட்ட 'தி ஒய் ஒய் கேர்ள்'. இனி இதை மொய்னா புத்தகம் என்றே சொல்கிறேன்.

மொய்னா வங்காளத்தின் சபர் பழங்குடிச் சிறுமி. வயது பத்து இருக்கும். ஊர்ப் பெரிய வீட்டுக்காரரான பாபுவின் ஆடுகளை மேய்க்கிறாள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறாள். கடைசியில் பள்ளிக்குப் போகிறாள், வளர்ந்து ஆசிரியை ஆகிறாள். கதை அவ்வளவுதான். ஆண்டு ஒன்றும் இல்லை, சட்டம் ஒன்றும் இல்லை, போலீஸ்காரர் ஒருவர்கூட இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இந்தச் சிறுமியின் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால், யாரோ ஒருவர் ஒரு நாளில் கையெழுத்திட்ட முடிவு ஒன்று இருக்கிறது. வறுமை மழை வெயில் போலத் தானாக வந்தது என்றுதான் பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான். அதற்குத் தேதி உண்டு என்பதைக் காட்டுவதற்கு இந்தச் சிறு புத்தகம் பாடநூல்களைவிட வசதியாக இருக்கிறது. வங்காளத்துத் தேதிகளை மட்டும் நான் தேடப்போவதில்லை. கல்வராயன் மலையிலும் பெண்ணைக் கரையிலும் அதே கேள்விகளுக்குக் கிடைக்கும் தேதிகளையும் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.

1. பாம்பு

புத்தகம் தொடங்குவதே ஒரு பாம்போடுதான். நல்ல பாம்பைத் துரத்தி ஓடும் மொய்னாவைக் கதைசொல்லி பிடித்து நிறுத்துகிறார். ஏன் பிடிக்கக் கூடாது என்று அவளுக்குப் புரியவில்லை. அவர்கள் வீட்டில் பாம்புக் கறி சமைப்பார்கள், தோலை விற்பார்கள். இந்தப் பக்கத்தைக் கண்டால் சென்னையில் ஒரு குழந்தை முகத்தைச் சுளிக்கும். நம் பக்கத்து இருளர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தாத்தா செய்த வேலை.

ஒரு காலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோல் கப்பலேறி வெளிநாட்டுக்குக் கைப்பையாகவும் காலணியாகவும் போனது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் தடைபட்டது. பாம்புகளுக்கு அது நல்லது, சந்தேகமில்லை. பாம்பு பிடித்தவர்களின் அடுப்பு எப்படி எரியும் என்று அன்றைக்கு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவான பிறகுதான் ஒரு வழி பிறந்தது. பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்துக்கு அந்த நஞ்சு மூலப்பொருள் ஆனது. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

ஆக முதல் பக்கத்து ஏன் என்ற கேள்விக்கு, பாம்பு கடிக்கும், செத்துப்போவாய் என்பது பாதி பதில்தான். மீதிப் பாதியில் 1972-ம் 1978-ம் வருகின்றன.

2. பாபுவின் ஆடு

பாபு வீட்டுப் பையன்கள் இருக்கும்போது நான் ஏன் அவர்கள் ஆட்டை மேய்க்க வேண்டும்? அவர்கள் தரும் சோற்றுக்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? மொய்னா இப்படியெல்லாம் கேட்கிறாள். புத்தகத்தில் இதற்கு யாரும் விடை சொல்வதில்லை.

விடையை 1871-லிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு ஆங்கில அரசு குற்றப் பழங்குடிச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் செய்த குற்றத்துக்காக அல்லாமல், பிறந்த குலத்துக்காகவே ஒருவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் அது. சபர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சென்னை மாகாணத்துக்கு அது 1911-ல் வந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். இரவில் காவல் நிலையத்துக்குப் போய்ப் படுக்க வேண்டும், ரேகை வைக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்து நின்ற மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுரை நமக்குத் தூரம் என்று தோன்றினால், நாம் இருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே அஜீஸ் நகர் என்று ஒரு செட்டில்மென்ட் இருந்தது. பட்டியலில் வந்த குடும்பங்களைக் கொண்டுபோய் அடைத்துவைத்த இடம்.

சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் சட்டம் நீக்கப்பட்டது. காவல் நிலையத்தின் நினைவில் பட்டியல் அப்படியே தங்கிவிட்டது. எங்காவது திருட்டு நடந்தால் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும். 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு காவலில் இறந்தார். 'ஜெய் பீம்' படம் அவரை இருளராகக் காட்டியது, அவர் குறவர் சமூகத்தவர். 1998 பிப்ரவரியில் வங்காளத்தின் புருலியாவில் புதன் சபர் என்ற இளைஞர் காவலில் அடிபட்டு இறந்தார். அவருக்காக கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏறியவர்களில் முன்னால் நின்றவர் மொய்னா புத்தகத்தின் ஆசிரியரேதான். அந்த ஆண்டிலேயே அவரும் கணேஷ் தேவியும் லட்சுமண் கெய்க்வாடும் சேர்ந்து சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்குமான உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தது இந்தப் புத்தகம்.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீதிமன்றப் படியேறி, சவப் பரிசோதனை அறிக்கைகளைப் படித்த கை அதே சமூகத்துச் சிறுமியைப் பற்றி எழுத உட்காருகிறது. லத்தி இல்லை, அழுகை இல்லை. ஆடு, சடை, பாம்பு, கேள்வி. எழுத்தாளர் தாம் அறிந்ததையெல்லாம் பிள்ளையின் தலையில் இறக்கிவைக்கவில்லை. அரசியல் புத்தகம் என்று சொல்லிக்கொண்டு வரும் பல சிறுவர் நூல்களிடம் இந்த அடக்கம் இல்லை.

இப்போது பாபுவைப் பார்ப்போம். நம் மேற்கே இருக்கும் கல்வராயன் மலைக்கு யார் பாபு? 1976 வரை அங்கே மூன்று ஜாகீர்தார்கள் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று, அரசியல் சட்டம் எழுதி, ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து, கீழே சமவெளியில் அந்தச் சொற்களெல்லாம் பழசாகிவிட்ட பிறகும் மலையில் ஜாகீர் நடந்தது. 1976-ல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-ல்தான். வெள்ளிமலையில் அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் போய்க் கேளுங்கள், மொய்னாவின் பாபுவை அவர் ஏட்டில் தேட வேண்டியதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்கள் கல்வராயன் என்ற பெயர் செய்திகளில் சாராயத்தோடு ஒட்டியே வந்தது. ஒரு மலையையே குற்றவாளியாக்கும் அந்தப் பேச்சுக்கும் 1871-க்கும் உறவுமுறை உண்டு. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதுதான் சாலை, மருத்துவமனை, பள்ளி, ஜாகீர் எல்லாம் பேச்சுக்கு வந்தன. மேலே என்ன காய்ச்சுகிறார்கள் என்று கேட்டவர்கள் பலர். மேலே ஏன் வேறு வேலை இல்லை என்று கேட்டவர்கள் சிலரே.

3. அப்பா

மொய்னாவின் அப்பா ஜம்ஷெட்பூருக்கு வேலை தேடிப் போயிருக்கிறார். புத்தகம் அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவே, படிக்கும்போது கண் அதைத் தாண்டி ஓடிவிடும். ஜம்ஷெட்பூர் 1907-ல் டாட்டா இரும்பாலைக்காகத் தேர்ந்தெடுத்த சாக்சி என்ற ஊர். சுற்றிலும் பழங்குடி நிலம். முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்குத் தண்டவாளம் கொடுத்ததை மெச்சி 1919-ல் வைசிராய் செம்ஸ்போர்டு அதற்கு ஜாம்ஷெட்ஜியின் பெயரைச் சூட்டினார். காடு பறிபோனவர்களின் பேரன் அந்த இரும்பாலை வாசலில் கூலி கேட்டு நிற்கிறான்.

நம் மலைக்காரர்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி இருபது தமிழ்க் கூலிகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்தவர்கள், மலைவாழ் மக்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்கள் வீடுகளிலும் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள்.

4. பள்ளி நேரம்

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தமிழ்நாட்டில் உட்கார்ந்து படிக்கும்போது தர்மசங்கடமான இடமும் இதுதான்.

மொய்னாவுக்குப் படிக்க ஆசை வந்துவிட்டது. சமிதி என்ற ஊர் அமைப்பு நடத்தும் பள்ளி காலையில் நடக்கிறது, காலையில் அவள் ஆடு மேய்க்க வேண்டும். அவள் ஆசிரியையிடம் போய்ப் பள்ளி நேரத்தை ஏன் மாற்றக் கூடாது என்று கேட்கிறாள். நியாயமாகப் படுகிறது அல்லவா? பள்ளி பிள்ளைக்காகத்தானே?

இதே யோசனை தமிழ்நாட்டில் ஓர் அமைச்சரவையையே ஆட்டிவைத்தது. 1953-ல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திருத்திய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறையும். பிள்ளைகள் இரண்டு அணியாக, முறை மாற்றி வருவார்கள். மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்பார்கள். ஆசிரியர் குறைவு, கட்டடம் குறைவு, இருக்கிற ஆசிரியரைக் கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கணக்கில் அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, பற்றாக்குறை உண்மையானது.

பெரியாரும் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். சிரைப்பவர் பிள்ளை சிரைக்கவும், சட்டி வனைபவர் பிள்ளை சட்டி வனையவும், ஆடு மேய்ப்பவர் பிள்ளை ஆட்டுக்குப் பின்னால் திரும்பிப் போகவும் அரசாங்கமே மணி அடிக்கிறது என்றார்கள். போராட்டம் பெருகியது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகி காமராசர் வந்தார். மே மாதத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டு கால அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொய்னா கேட்டபடி மாற்றினால் பிள்ளை அரை நாள் ஆடு மேய்க்கும், அரை நாள் படிக்கும். ராஜாஜி மாற்றியபடியும் அப்படித்தான். அப்படியானால் ஒன்றை மெச்சுவதும் மற்றதைத் தூற்றுவதும் எப்படிச் சரியாகும்? என் மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். இன்றைய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

என் விடை இது. மொய்னா ஏற்கெனவே வேலை செய்கிறாள். பள்ளி அவளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒன்று. அதை அவளே கேட்கிறாள். 1953-ல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளையின் நேரத்திலிருந்து எடுத்தார்கள், அந்தப் பிள்ளையைக் கேட்கவில்லை. அதோடு நகரத்துப் பள்ளிகளுக்கு அந்தத் திட்டம் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள் படிப்பும் கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் படிப்பும் என்று வந்த பிறகு கால அட்டவணை வெறும் மணிக்கணக்காக இருக்க முடியாது.

ஆனாலும் மொய்னாவின் ஏற்பாட்டையும் நான் முழு மனதோடு ஏற்கவில்லை. அவள் பள்ளி நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறாள், ஆட்டை யாரிடம் விடுவது என்று புத்தகம் கேட்கவில்லை. ஏன் ஏன் என்று கேட்பவள் அந்த ஒரு இடத்தில் பாபுவுக்கு விட்டுக்கொடுக்கிறாள். தமிழ்நாடு வேறு பக்கமாகப் போனது. பிள்ளை வேலைக்குப் போவது சோற்றுக்காக என்றால் சோற்றைப் பள்ளியிலேயே போடு என்றது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு. இரண்டு வேளையும் சோறு ஏன் கிடைக்காது என்று மொய்னா கேட்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அவளுடைய அந்தக் கேள்விக்கு விடை கொடுத்திருந்தால் பள்ளி நேரத்தைப் பற்றி அவள் கேட்க வேண்டியே இருந்திருக்காது. மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகளின் நிலை எப்படி இருக்கிறது என்பது தனிப் பேச்சு. ஆசிரியர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

5. தேதியை எங்கே எழுதுவது?

இவ்வளவு வரலாறு இருக்கிறதே, அதைப் புத்தகத்திலேயே பின்னிணைப்பாகப் போட்டால் என்ன? அப்படியும் செய்திருக்கிறார்கள். 2011-ல் வந்த 'பீமாயணம்' அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும்போதே இன்றைய சாதிக் கொடுமைச் செய்திகளைப் பக்கத்திலேயே வைக்கிறது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்களின் கைவண்ணம் அது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பொருத்தம், நான் வகுப்பில் பயன்படுத்தும் நூல்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வழி உதவாது என்பது என் கட்சி. மொய்னா புத்தகத்தில் புதன் சபரின் பெயர் அச்சாகியிருந்தால் அது புருலியாவின் கதையாகவே நின்றிருக்கும். ஆண்டு இல்லாமல் விட்டதால்தான் கல்வராயன் மலைப் பிள்ளை தன் 1976-ஐ அதில் வைக்க முடிகிறது. வைப்பதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். பாடம் நடத்துகிறவர் கதையை முடித்துவிட்டு, இதிலிருந்து என்ன தெரிகிறது குழந்தைகளே என்று கேட்டு, கல்வியே சிறந்த செல்வம் என்று பலகையில் எழுதினால் மொய்னா அங்கேயே செத்தாள். அதற்குப் பதில், வீட்டில் பாட்டியிடம் போய், நீ யாருடைய ஆட்டை மேய்த்தாய், எந்த வருஷம் வரைக்கும் என்று கேட்டு வரச் சொல்லலாம். பதில் வரும், சண்டையும் வரும். ஆடு வைத்திருந்தவரின் பேரனும் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அதைச் சமாளிக்கத் தெரிந்த ஆசிரியருக்குத்தான் இந்தப் புத்தகம்.

ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்க ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதும் மொய்னாவின் ஒரு கேள்வி. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு ஆறே வீடு தேடி வந்தது. ஃபெஞ்சல் புயல் மழை பெய்தது, வெள்ளம் வந்தது என்று ஒரு வரியில் சொல்லி முடிக்கலாம். 1958-ல் கட்டி முடித்த அணை, முந்தைய நாள் நீர்மட்டம், எத்தனை மணிக்கு யாருக்குத் தகவல் போனது என்று ஒவ்வொன்றாகவும் கேட்கலாம்.

இப்படிக் கேட்பதற்குப் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எல்லோருக்கும் பொது, வயது வரம்பு வைக்கவில்லை, கட்டணம் பத்து ரூபாய். 2012-ல் லக்னோவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காந்தியடிகளுக்குத் தேசத் தந்தை என்ற பட்டத்தை எந்த ஆணையால் கொடுத்தீர்கள் என்று பிரதமர் அலுவலகத்துக்கு மனுப் போட்டாள். மனு அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கடைசியில் அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று பதில் வந்தது. சாத்தனூர் அணைக்கு நீர்மட்டப் பதிவேடு உண்டு. அதைக் கேட்டு மனு எழுத முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருக்காவது விருப்பம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். முகவரி தருகிறேன்.